ஹேட்பாக்ஸ் கோஸ்ட் எங்கே நிற்க வேண்டும்?

பழைய ரைடு ஒன்றில் கை வைக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், தீம் பார்க் ரசிகர்கள் கூடும் இடமெல்லாம் சூடாகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஒரு பொம்மையைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைத்தால் உங்களுக்கு என்ன போச்சு?" இந்தக் கேள்விக்கு ஒழுங்காக ஒரு பதில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஒரு பேய்.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டு ரைடு திறந்தபோது, பரண் காட்சியில் ஒரு கிழட்டுப் பேய் நின்றது. தலையில் உயரத் தொப்பி, ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் தொப்பி வைக்கும் வட்டப் பெட்டி, அதனால்தான் ஹேட்பாக்ஸ் கோஸ்ட் என்று பெயர். பக்கத்தில் நின்ற மணப்பெண்ணின் இதயம் துடிக்கத் துடிக்க, இந்தப் பேயின் தலை தோளிலிருந்து மறைந்து கையிலிருக்கும் பெட்டிக்குள் தெரிய வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் வண்டிகள் பக்கத்திலேயே போகும், வெளிச்சமும் கசியும், தலை சரியாக மறையவில்லை. திறந்த கொஞ்ச நாளிலேயே பேயை எடுத்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தப் பேய் உண்மையிலேயே ரைடில் இருந்ததா, இல்லை வெறும் விளம்பரப் படத்தில் மட்டும்தான் இருந்ததா என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். பழைய புகைப்படங்களைத் தேடினார்கள், யாரோ வீட்டில் எடுத்த சினிமாச் சுருளில் ஒரு நொடி தெரிகிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் 2015 மே மாதம், டிஸ்னிலேண்டின் 60ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தின்போது, புதிய தொழில்நுட்பத்தோடு அதே பேய் பரண் பக்கம் திரும்பி வந்தது. அன்றைக்கு அழுதவர்கள் உண்டு. அந்த அழுகை எனக்குப் புரிகிறது.

அதனால் புளோரிடாவில் இருக்கும் மேஜிக் கிங்டம் என்ற டிஸ்னி பூங்காவின் மேன்ஷனுக்கும் ஹேட்பாக்ஸ் கோஸ்ட் வரப்போகிறது என்றபோது எல்லோரும் குதித்தார்கள். 2023 நவம்பரில் வந்தும்விட்டது. ஆனால் வந்த இடம்தான் பிரச்சினை. பரணில் வைக்காமல், ரைடின் முதல் பாதியில் வரும் முடிவில்லாத நடைபாதைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். இடம் பற்றிய தகவல் வெளியில் கசிந்த நாளிலிருந்தே ரசிகர்கள் "அங்கே வேண்டாம்" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள், திறந்த பிறகும் நிறுத்தவில்லை.

இங்கே கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியாட்களுக்குப் புரியாத இடம் இதுதான். ஹான்டட் மேன்ஷன் இரண்டு டிஸ்னி வடிவமைப்பாளர்களின் கைவேலை என்று சொல்லலாம். முதல் பாதி கிளாட் கோட்ஸ் போட்ட சூழல்: நீண்ட நடைபாதை, தானாக மிதக்கும் மெழுகுவர்த்தித் தண்டு, உள்ளேயிருந்து யாரோ தள்ளுவதுபோல மூச்சுவிடும் கதவுகள், பதின்மூன்று மணி காட்டும் கடிகாரம். இந்தப் பகுதியில் பேய் இருப்பது தெரியும், ஆனால் முகம் தெரியாது. சவப்பெட்டியிலிருந்து வெளியே வர முயலும் ஒருவரின் கைகளைத்தான் அதிகபட்சம் பார்ப்போம். அப்புறம் மேடம் லியோட்டா வருகிறாள், கண்ணாடி உருண்டைக்குள் இருக்கும் தலை, மந்திரம் சொல்லி ஆவிகளை அழைக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஆவிகள் உருவெடுக்க ஆரம்பிக்கின்றன என்று ரைடு முழுக்க வழிகாட்டும் கோஸ்ட் ஹோஸ்ட் குரலே நமக்குச் சொல்கிறது. அடுத்த காட்சி நடன மண்டபம், ஒரே நேரத்தில் அத்தனை பேய்கள் கண்முன்னே சுழல்கின்றன. அது மார்க் டேவிஸின் பாதி, வேடிக்கையும் கூத்துமாக இருக்கும் பாதி. எழுத்து எக்ஸ் அடென்சியோ. இரண்டு வேறு மனநிலைகளை அவர் லியோட்டாவின் மந்திரத்தை வைத்துத் தைத்திருக்கிறார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். லியோட்டா யாரையும் அழைப்பதற்கு முன்பே ஒரு முழுப் பேய் பளிச்சென்று சிரித்துக்கொண்டு வழியில் நின்றால், அவள் மந்திரத்துக்கு என்ன வேலை? நடன மண்டபம் தரும் அதிர்ச்சி எங்கே போனது? ரசிகர்கள் கேட்டது இதைத்தான். "எங்கள் பேயைத் தொடாதே" என்று அவர்கள் கேட்கவில்லை, சொல்லப்போனால் அந்தப் பேய் வரவேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டவர்களே அவர்கள்தான். கதை எந்த வரிசையில் திறக்கிறது என்பதைக் கவனித்துப் படித்தவர்கள் வைத்த விமர்சனம் அது. ஒரு நாவலின் பதினைந்தாம் அத்தியாயத்தில் வர வேண்டிய ஆளை மூன்றாம் அத்தியாயத்தில் கொண்டுவந்து வைத்தால் வாசகன் கேள்வி கேட்க மாட்டானா?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ரைடு என்பது ஒரு படைப்பு. அதை நூறு தடவை பார்த்தவனுக்கு அதன் எலும்புக்கூடு தெரியும், எந்த எலும்பை எடுத்தால் உடம்பு சாயும் என்றும் தெரியும். மாற்றம் பற்றிய வதந்தி வரும்போது எழும் சத்தத்தில் நிறைய வெறும் சத்தம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் இந்த மாதிரி வாசிப்பும் இருக்கிறது. அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

வதந்தி எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டால், பெரும்பாலும் நிறுவனத்தின் மௌனத்திலிருந்துதான். ஒரு ரைடு பராமரிப்புக்காக வழக்கத்தைவிட அதிக நாள் மூடப்படுகிறது, ஏதோ ஒரு கட்டுமான அனுமதி விண்ணப்பம் அரசு ஆவணங்களில் தெரிகிறது, பார்வையாளர்களிடம் நடத்தும் கருத்துக்கணிப்பில் வினோதமாக ஒரு கேள்வி வருகிறது, அவ்வளவு போதும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் மிஸ்டர் டோட் என்ற தேரைக் கதாபாத்திரத்தின் ரைடு. மேஜிக் கிங்டமில் 1971 முதல் ஓடிக்கொண்டிருந்த மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைடை எடுத்துவிட்டு வின்னி த பூ ரைடு வரப்போகிறது என்று 1997 அக்டோபரில் ஆர்லாண்டோ சென்டினல் பத்திரிகையில் செய்தி வந்தது. நிறுவனம் நேராகப் பதில் சொல்லவே இல்லை. ரசிகர்கள் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ரைடு வாசலில் கூடினார்கள், அதற்கு டோட்-இன் என்றே பெயர் வைத்தார்கள், தலைமை அதிகாரிகளுக்குத் தபால் அட்டைகளை அனுப்பினார்கள். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. மூடுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் உறுதியான அறிவிப்பு வந்தது. 1998 செப்டம்பர் 7, கடைசி நாள்.

இந்த ரைடின் முடிவில் டோட் நரகத்துக்கே போவார், நாமும் கூடவே போவோம், ரயில் மோதி. குழந்தைகள் ரைடில் இப்படி ஒரு முடிவை வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! புளோரிடா ரைடில் இரண்டு தனித்தனித் தடங்கள் வேறு, இரண்டிலும் வேறு வேறு காட்சிகள். அதனால் டிஸ்னிலேண்டில் இன்னொரு டோட் ரைடு 1955இலிருந்து இன்றுவரை ஓடினாலும், அதுவும் இதுவும் ஒன்றில்லை. அப்புறம் வந்த பூ ரைடுக்குள், டோட் தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைப்பதுபோல ஒரு படத்தை மாட்டி வைத்தார்கள். ஹான்டட் மேன்ஷனின் செல்லப்பிராணிக் கல்லறையில் டோடுக்கு ஒரு சிலையும் இருக்கிறது. செய்தவர்களுக்கும் அந்த ரைடு மேல் பாசம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் அத்தனை மாதம் ஆட்களைத் தவிக்க விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் சொல்லிவிட வேண்டும். கடைசியாக ஒருமுறை போய் ஏறிவிட்டு வர நினைப்பவர்களுக்கு அது முக்கியம்.

2008இல் இன்னொரு சண்டை. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட், பல நாட்டுக் குழந்தைப் பொம்மைகள் பாடி ஆடும் படகு ரைடு. டிஸ்னிலேண்ட் ரைடை மாதக்கணக்கில் மூடி வேலை பார்க்கப் போனார்கள். உள்ளே டிஸ்னி படக் கதாபாத்திரங்களை நுழைக்கப் போகிறார்கள், மழைக்காட்டுக் காட்சியை எடுத்துவிட்டு அமெரிக்காவுக்கென்று ஒரு காட்சி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. இந்த ரைடு 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவானது, பெப்சி செலவு செய்தது, யுனிசெஃப் அமைப்புக்கான மரியாதையாக. அதன் நிறமும் வடிவமும் ஓவியர் மேரி பிளேருடையவை. தட்டையான வடிவங்கள், காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியதுபோல, ஒன்றுக்கொன்று ஒட்டாது என்று நாம் நினைக்கும் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மின்ன வைப்பார். பாட்டு ஷெர்மன் சகோதரர்களுடையது. முதலில் ஒவ்வொரு நாட்டின் தேசிய கீதத்தையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விட்டுப் பார்த்து, காது கிழிந்த பிறகுதான், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனாலும் ஒன்றோடொன்று பொருந்துகிற ஒரே பாட்டு வேண்டும் என்று இதை எழுதச் சொன்னார்கள். சரணத்தையும் பல்லவியையும் ஒரே நேரத்தில் பாடினாலும் இடிக்காது. பாட்டைக் கேலி செய்பவர்கள் நிறைய, அந்தக் கட்டமைப்பைக் கவனித்தவர்கள் குறைவு.

மேரி பிளேர் 1978இலேயே இறந்துவிட்டார். அதனால் அவருடைய குடும்பம் வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. ரைடுகளை வடிவமைக்கும் டிஸ்னியின் இமேஜினியரிங் பிரிவின் மூத்தவர் மார்ட்டி ஸ்க்லார் அதற்குப் பதில் எழுதினார், இந்த ரைடை பொம்மை விற்கும் இடமாக்கும் எண்ணம் இல்லை என்று. 2009 பிப்ரவரியில் ரைடு புதிய வடிவில் திறந்தது. கதாபாத்திரங்கள் வந்தே விட்டன, அமெரிக்கக் காட்சியும் வந்தது. ஆனால் எல்லோரும் மேரி பிளேர் பொம்மைகளின் அதே வட்ட முகத்தோடும் அதே அளவோடும் வந்தார்கள். ஆலிஸ் இங்கிலாந்தில், அலாதீன் கம்பளத்தில் மேலே, மெக்சிகோவில் மூன்று கபயேரோக்கள். பார்த்தால் பெரிதாக உறுத்தவில்லை. ரசிகர்கள் கத்தியது வீண் என்று இதை வைத்துச் சிலர் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்ததும் ஒருவர் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் வேலை செய்வார்.

அதற்காக அந்த மாற்றம் தேவையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த ரைடில் எந்தக் குழந்தைக்கும் பெயர் இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஒன்று என்பதுதான் அதன் உயிர். அங்கே "அதோ பார் அலாதீன்" என்று விரல் நீட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டால், பக்கத்தில் பெயரில்லாமல் ஆடும் குழந்தையை யாரும் பார்ப்பதில்லை. 2022 நவம்பரில் அதே ரைடில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பொம்மைகளைச் சேர்த்தார்கள். பெயர் கிடையாது, படம் கிடையாது, இன்னும் சில குழந்தைகள், அவ்வளவுதான். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன், மேரி பிளேர் இருந்திருந்தால் அவரே செய்திருப்பார் என்று நம்புகிறேன். ஒரே ரைடில் இரண்டு மாற்றம், இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன் விஷயத்தில் எனக்கும் பல பழைய ரசிகர்களுக்கும் ஒத்துப்போகாது. கடற்கொள்ளையர் ஊருக்குள் படகில் போகும், 1967 மார்ச்சில் டிஸ்னிலேண்டில் திறந்த ரைடு, வால்ட் டிஸ்னி நேரடியாக மேற்பார்வை பார்த்த கடைசி ரைடு, திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் இறந்துவிட்டார். அதனால் அதன்மேல் ஒரு புனிதம் படிந்துவிட்டது. 2017இல், பெண்களைக் கயிறு கட்டி ஏலம் விடும் காட்சியை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். "வால்ட் தொட்டதைத் தொடாதே" என்று பெரிய கூச்சல். ஏலத்தில் நின்ற செந்நிறக் கூந்தல்காரி இப்போது ரெட் என்ற பெயரில் தானே கொள்ளைக்காரி, கையில் துப்பாக்கி, ஊர்க்காரர்களின் சொத்துதான் ஏலம் போகிறது. எனக்கு இது சரியாகப்பட்டது. பெண்ணை விற்பதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லும் காட்சியை ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு முடியாது. அந்தக் காட்சியின் கலகலப்பும் ஏலக்காரனின் குரல் வித்தையும் மாற்றத்துக்குப் பிறகும் இருக்கின்றன.

ஆனால் 2006இல் அதே பெயர் சினிமாவின் நாயகன் ஜாக் ஸ்பாரோவை உள்ளே கொண்டுவந்தார்களே, அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய உடைப்பு. பழைய ரைடில் நாயகன் யாரும் கிடையாது. டிஸ்னிலேண்டில் முதலில் நம்மைச் செத்தவர்களின் குகைக்குள் விடுவார்கள், எலும்புக்கூடு கப்பலை ஓட்டும், எலும்புக்கூடு மது குடிக்கும், அப்புறம்தான் உயிரோடு இருக்கும் கொள்ளையர்களின் ஊர். இவர்கள் ஆட்டம் எங்கே போய் முடியும் என்பதை நாம் முன்பே பார்த்துவிட்டோம். முழு ஊரும் சேர்ந்துதான் கதை. அதில் சினிமா நாயகன் ஒருவரை மூன்று இடத்தில் நிறுத்திவிட்டால் படகில் இருக்கும் அத்தனை பேரும் அவரைத் தேடுகிறார்கள். பொம்மை அருமையாகச் செய்யப்பட்டிருக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் கண் போகும் இடம் மாறிவிட்டது.

மலையிலிருந்து படகு கீழே விழும் ஸ்பிளாஷ் மவுண்டன் ரைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ரைடுக்கு மூலமான 1946 படம், அதன் இனவாதச் சித்திரிப்புக்காகவே நிறுவனம் அமெரிக்காவில் வீடியோவாகக்கூட வெளியிடாத படம். அதைக் கழற்றியது சரிதான். 2024இல் அதே மலையில் டிஸ்னி இளவரசி டியானா வந்தார். பொம்மைகள் அசையும் விதம் பிரமாதம், கதையில் ஆபத்து என்று ஒன்று இல்லாததால் கடைசி வீழ்ச்சிக்குக் காரணம் கிடைக்கவில்லை என்பது பலரின் குறை, என்னுடையதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 1989இல் ஸ்பிளாஷ் மவுண்டன் திறந்தபோது உள்ளே பாடிய மிருகங்களில் பல, அதற்கு முந்தைய ஆண்டு மூடப்பட்ட அமெரிக்கா சிங்ஸ் என்ற காட்சியிலிருந்து எடுத்து வந்தவை. அதற்காக அன்று அழுதவர்களும் இருந்திருப்பார்கள்.

சத்தம் போட்டு எதுவும் நடக்காது என்று நினைப்பவர்கள் ஃபிக்மெண்டைப் பார்க்கலாம். புளோரிடாவின் எப்காட் பூங்காவில் 1983இல் திறந்த ஜர்னி இன்டு இமாஜினேஷன் ரைடில் இருந்த குட்டி ஊதா டிராகன். 1999இல் ரைடைப் புதுப்பித்துத் திறந்தபோது ஃபிக்மெண்ட் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது, அதன் கூட்டாளி டிரீம்ஃபைண்டர் முழுவதுமாகவே போய்விட்டார். எதிர்ப்பு அவ்வளவு வலுவாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் திரும்ப மூடி, 2002இல் ஃபிக்மெண்டோடு திறந்தார்கள். இதுவும் பழைய ரைடுக்குப் பக்கத்தில் நிற்காது, எனக்குத் தெரிந்த யாரும் நிற்கும் என்று சொல்வதில்லை. பொம்மைப் பறவைகள் பாடும் என்சான்டட் டிக்கி ரூம் கதையும் இப்படித்தான், புளோரிடாவில் 1998இல் பழைய நிகழ்ச்சியைப் புதிய பறவைகள் மேடையிலேயே கிண்டல் செய்வதுபோல மாற்றினார்கள், 2011 ஜனவரியில் ஒரு தீ விபத்து, அதே ஆகஸ்டில் பழைய நிகழ்ச்சியே கொஞ்சம் சுருக்கமாகத் திரும்பி வந்தது. தன்னுடைய பழைய வேலையைத் தானே கேலி செய்யும் மாற்றம் நிலைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது, அதைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் அந்தப் பழையதை நேசித்தவர்கள்தானே.

சக ரசிகர்களிடம் ஒன்று கேட்கிறேன். எல்லா வதந்திக்கும் "என் பால்யம் போச்சு" என்று ஒரே குரலில் கத்தினால், டோட் மாதிரி உண்மையான இழப்பு வரும்போது நம் குரலுக்கு மதிப்பு இருக்காது. விளக்கு மாற்றியதற்கும் இதே கோபம், கதையின் முதுகை உடைத்ததற்கும் இதே கோபம் என்றால் எப்படி? வாசலில் நிற்கும் ஊழியர்களிடம் போய்ச் சண்டை போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும், அவர்கள் கையில் எதுவுமே இல்லை. எந்தக் காட்சி, எந்த நொடி, அது போனால் அடுத்த காட்சிக்கு என்ன ஆகும் என்று எழுதுங்கள். பேய் இருக்கும் இடத்தைப் பற்றி அப்படித்தான் எழுதினார்கள், படித்தவர்களுக்கு அது புரிந்தது.

மாற்றவே கூடாது என்பவன் இல்லை நான் என்பதற்கு, நானே மாற்றச் சொல்லும் ரைடு ஒன்றைச் சொல்கிறேன்: கேரசல் ஆஃப் பிராக்ரஸ். இதுவும் 1964 கண்காட்சியில் பிறந்தது, டிஸ்னிலேண்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1975 ஜனவரியிலிருந்து மேஜிக் கிங்டமில் சுற்றுகிறது. நாம் உட்கார்ந்திருக்கும் அரங்கமே ஒவ்வொரு மேடையாகச் சுற்றி வரும், ஒவ்வொரு மேடையிலும் அதே குடும்பம் வேறொரு காலத்தில். இதைப் பற்றி வதந்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கடைசிக் காட்சி 1994இல் எழுதியது. பாட்டி மெய்நிகர் விளையாட்டு விளையாடுகிறார், அவருடைய மதிப்பெண்ணைச் சொல்வதைக் கேட்டு அடுப்பு தன் சூட்டை ஏற்றிக்கொண்டு வான்கோழியைக் கரித்துவிடுகிறது, தாத்தா லேசர் டிஸ்க் பற்றிப் பேசுகிறார். எதிர்காலமாக வைத்த காட்சி இன்று முந்தைய மூன்று காட்சிகளைப் போல இன்னொரு பழைய காலமாகிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதட்டும். சுழலும் அரங்கத்தையும், காட்சிகளுக்கு நடுவில் வரும் அந்தப் பாட்டையும், அப்பா பார்வையாளர்களிடம் நேராகப் பேசும் விதத்தையும் தொட வேண்டாம். முதல் மூன்று காட்சிகளில் ஒரு வசனத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கடைசி மேடையில் எந்தப் பொருளை வைத்தாலும் இன்னும் இருபது வருஷத்தில் அதுவும் பழசாகும், அதனால் கருவிகளைக் குறைத்து, அந்தக் குடும்பம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதை அதிகமாக வைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.